ரதி வேடக்காரர் நடத்திய படை

என் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் படை நடத்தியவர். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. காலில் அட்டை ஏறினால் வரிசை வீட்டு லயத்தையே அலறிக் கூட்டுகிற மனிதர் படை நடத்தினாரா என்று கேட்கிறார்கள். நடத்தினார். படை பொல்பிட்டிய பக்கம் போனது, சில நாள் நின்றது, திரும்பி வந்தது. போனதிலும் நின்றதிலும் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். திரும்பி வந்ததில்தான் கோளாறு.

அறுபதுகளின் தொடக்கம் அது. இலங்கை மலைநாட்டில், றொசல்ல ஸ்டேசனுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். நான் கொழுந்து எடுத்தேன், அவர் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். கல்யாணமாகி அதிக காலம் ஆகவில்லை. ஸ்டேசனை ஒட்டி ஒரு முஸ்லிம் நானா மளிகையும் தேத்தண்ணியுமாக ஒரு கடை வைத்திருந்தார். அந்தப் பக்கத்தில் தெளிவாகப் பேசுகிற ரேடியோ அவரிடம் ஒன்றுதான் இருந்தது. மற்றவர்களுடைய ரேடியோக்கள் அடைமழை மாதிரி இரைந்துகொண்டே இருக்கும்.

சனிக்கிழமை சாமான் வாங்கப் போனால், செய்தி முடிகிற வரைக்கும் ஆண்கள் அந்த இடத்தை விட்டு அசைய மாட்டார்கள். நான் அரிசிப் பையோடு வாசலில் நிற்பேன். அந்த நாட்களில் செய்தி முழுக்கக் காங்கோதான். அங்கே உள்நாட்டுச் சண்டை. உலக நாடுகள் பலவும் சேர்ந்து ஒரு படையை அனுப்பியிருந்தன. நம்முடைய இந்தியச் சிப்பாய்களும் போயிருந்தார்கள். அந்தப் படையை இப்போது திருப்பிக் கூப்பிடலாமா, இன்னும் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாமா என்பது உலகத்தில் பெரிய பேச்சு. காங்கோ ஆப்பிரிக்காவில் இருக்கிறது என்று நானா சொன்னார். ஆப்பிரிக்கா எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் மரியாதை போய்விடும்.

"அந்தச் சிப்பாய்ப் புள்ளைகளுக்கும் உம்மா இருக்காதானே, தம்பி" என்பார் நானா. "அவ எத்தின நாளைக்குத்தான் வாசலப் பாத்துக்கிட்டு இருப்பா? அது அவங்க நாடு, அவங்க சண்ட. என்னைக்கு இருந்தாலும் இவங்க திரும்பி வரத்தானே வேணும்? இன்னைக்கே வந்தா என்ன?"

என் வீட்டுக்காரர் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் இடித்து வைப்பார். அது அவருக்கு மேடைப் பழக்கம். "அதெப்புடிங்க நானா? அடுத்தவன் சண்டைக்குள்ள கால வச்சவன் அத முடிச்சிட்டுத்தான் வெளிய வரணும். இவங்க பாதியில வந்துட்டா, ஓடிப்போய்ப் பதுங்கி இருக்கவன் மறுநாளே வருவான். வந்து யாரப் புடிப்பான்? இந்தப் படைக்குத் தண்ணி குடுத்தவன், வழி காட்டுனவன், எடம் குடுத்தவன், அவனத்தான் புடிப்பான். அவன் எந்தக் கப்பல்ல ஏறித் தப்பிக்கிறது?"

"அப்ப ஆயுசுக்கும் அங்கேயே நிக்கச் சொல்றீங்களா?"

"ஆயுசுக்கு எதுக்குங்க? அவங்க ஆளு நாலு பேரு சொந்தக் கால்ல நிக்கிற வரைக்கும் நின்னா போதும். அதுக்குக்கூடப் பொறுமை இல்லாதவன் எதுக்குப் போகணும்?"

கடையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. கல்யாணமான புதிதில் புருசன் பேசுவதெல்லாம் சரியாகத்தான் படும். ஆனால் இன்றைக்கு நிதானமாக யோசித்தாலும் அன்றைக்கு அவர் பேசியது சரிதான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அந்த மாசி வறட்சியில்தான் என் அக்காவிடமிருந்து ஆள் வந்தது. அக்காவைப் பொல்பிட்டிய பக்கம் ஒரு தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். அங்கே ஆட்களைக் கட்டி மேய்க்கிற ஒரு பெரிய கங்காணி இருந்தார். பெரிய கங்காணிகளின் காலம் மற்ற இடங்களில் எல்லாம் முடிந்துகொண்டிருந்தது. அந்தச் செய்தி அவருக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. அக்கா புருசனும் இன்னும் சில குடும்பங்களும் அவரை மீறி யூனியனில் சேர்ந்துவிட்டார்கள். லயத்துக்குத் தண்ணீர் வருவது மலையிலிருந்து மூங்கிலில் இறக்கிய ஒரே ஒரு பீலியில். யூனியனில் சேர்ந்த வீட்டுப் பெண்கள் குடத்தோடு போனால், கங்காணியின் ஆட்கள் பீலியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு குடத்தைக் காலால் உருட்டினார்கள். வறட்சிக் காலத்தில் வேறு தண்ணீருக்கு எங்கே போவது? அரசாங்கத்து லேபர் கந்தோரில் முறையிட்டதற்கு, ஐயா ஒருவர் வந்து விசாரிப்பார் என்று நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். அதுவரைக்கும் துணைக்கு ஆள் வேண்டும் என்று அக்கா சொல்லியனுப்பியிருந்தாள்.

என் வீட்டுக்காரருக்குக் காங்கோ வாசலுக்கே வந்த மாதிரி ஆகிவிட்டது. "மதினிக்கு ஒண்ணுன்னா நாம சும்மா இருக்கிறதா?" என்று லயம் லயமாகப் போனார். வறட்சியில் கொழுந்து இல்லை, தோட்டத்தில் வாரத்தில் பாதி நாள்தான் வேலை. ஆகவே ஆள் சேர்ப்பதில் கஷ்டமில்லை. சாயங்காலத்துக்குள் ஒரு டசன் பேர் தயாரானார்கள். கத்தி கூடாது, கம்பு மட்டும்தான் என்பது தளபதியின் உத்தரவு. எல்லோரும் கம்பளி எடுத்துக்கொண்டார்கள். பொல்பிட்டிய பக்கம் வெக்கை, அங்கே கம்பளி எதற்கு என்று நான் கேட்டேன். படை என்றால் கம்பளி இல்லாமலா என்றார். படைக்குச் சமைக்க அக்காவுக்கு ஒத்தாசை வேண்டுமே என்று நானும் கூடப் போனேன். வட்டவளை வரைக்கும் ரயில் கோச்சி, பிறகு பஸ், பிறகு நடை. போகிற அவசரத்தில் யாரும் பஞ்சாங்கம் பார்க்கவில்லை.

அக்காவுக்கு எங்களைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது. வந்தவர்களை லயத்து முன்திண்ணை இஸ்தோப்பில் வரிசையாகப் படுக்க வைத்தாள். பலாக்காயும் பருப்புமாகப் பெரிய பானையில் பொங்கினாள். அவளுக்கு இரண்டு சிறு பிள்ளைகள். அவர்கள் விடியும் முன்னே எழுந்து, படையை எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடி தூங்குவார்கள்.

சண்டை என்று ஒன்று நடக்கவே இல்லை. எங்கள் ஆட்கள் கம்போடு பீலியைச் சுற்றி நின்றார்கள். கங்காணியின் ஆட்கள் வந்து பார்த்தார்கள், எண்ணிப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். அதன் பிறகு எங்கள் படைக்கு அட்டைதான் எதிரி. பீலிக்குப் பக்கத்தில் இருந்த பாறையில் என் வீட்டுக்காரர் துரை மாதிரிக் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார். அவ்வப்போது அந்தக் காலை எடுத்து அலறிக்கொண்டே உதறுவார். பெண்கள் குடத்தை நிரப்பிக்கொண்டு சிரித்தபடி போவார்கள். கங்காணிக்குப் பயந்து அதுவரை வாய் திறக்காத குடும்பங்கள்கூட, "நாங்களும் ஐயாகிட்ட சாட்சி சொல்றோம்" என்று அக்கா வீட்டுக்கு வந்து சொல்ல ஆரம்பித்தார்கள். அக்கா புருசனுக்குத் தெம்பு வந்தது. எனக்கும் நிம்மதியாக இருந்தது.

அப்போதுதான் எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு ஆள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "என்னண்ணே, இங்கேயே குடியிருக்கப் போறீங்களா? காமன் கம்பம் நட நாளாச்சு. ரதி எங்க, மதன் எங்கன்னு ஊரே தேடுது."

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். மலைநாட்டில் மாசி என்றால் காமன் கூத்து. சிவன் நெற்றிக்கண்ணால் எரித்த மன்மதனுக்காக ரதி அழுகிற கதை. தோட்டத்துப் பொட்டலில் கம்பம் நட்டு, ஆடுகிறவர்களுக்குக் காப்புக் கட்டுவார்கள். காப்புக் கட்டியவன் கூத்து முடிகிற வரைக்கும் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. தொடங்கியதைப் பாதியில் நிறுத்தவும் கூடாது, வீட்டுக்கு ஆகாது என்பார்கள். அது சாமி காரியம். பெண் வேடமும் ஆண்தான் கட்டுவான். எங்கள் தோட்டத்து ரதி யார் என்றால், தளபதியேதான். ஒல்லி உடம்பு, நல்ல குரல், மீசையை எடுத்துவிட்டால் களையான முகம். வருடா வருடம் என் சேலையைத்தான் கட்டிக்கொண்டு ஆடுவார், எனக்கில்லாத நளினத்தோடு.

ரதி மட்டுமா? மதன் வேடக்காரர் பீலியின் இந்தப் பக்கம் கம்பு பிடித்து நின்றார். தப்படிக்கிறவர், பாட்டுக்காரர், சிவன், தூதன் எல்லோரும் அந்த டசனுக்குள் இருந்தார்கள். படை என்று அவர் கூட்டி வந்தது கூத்துக் கோஷ்டியைத்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. விசாரணையோ, கம்பம் நட்டு ஐந்தாறு நாள் கழித்துத்தான். இப்போது போனால் திரும்பி வர முடியாது. போகாவிட்டால் அந்த வருடம் காமன் இல்லை.

அன்றைக்கு இஸ்தோப்பில் யுத்த ஆலோசனை நடந்தது. நான் அடுப்படியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இப்பத்தான் எல்லாம் அமைதியாயிருச்சே. நாம வந்த வேல முடிஞ்ச மாதிரித்தான்" என்றார் மதன்.

"அவனுங்க பயந்துட்டானுங்க. இனி வாலாட்ட மாட்டானுங்க" என்றார் சிவன்.

என்னால் பொறுக்க முடியவில்லை. கரண்டியோடு வெளியே வந்தேன். "அவங்க பயந்தது உங்க பன்னெண்டு கம்பப் பாத்து. கம்பத் தூக்கிக்கிட்டு நீங்க போன பெறகு எதப் பாத்துப் பயப்படுவாங்க, அக்கா வீட்டு அகப்பையப் பாத்தா?"

"பொம்பள பேசுற எடமா இது?" என்றார் ரதி வேடக்காரர்.

"இருக்கட்டுங்க. நானா கடையில என்ன பேசுனீங்க? பாதியில வந்தா எடம் குடுத்தவனப் புடிப்பான், தண்ணி குடுத்தவனப் புடிப்பான்னு மேசைய ஒடைச்சீங்களே, அதெல்லாம் என்னாச்சு?"

அவர் கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு சொன்னார்: "காங்கோவுல காமன் கூத்து இல்லடி."

நான் கரண்டியோடு அடுப்படிக்குத் திரும்பினேன்.

மறுநாள் பெரிய கங்காணியே வந்துவிட்டார். தலைப்பாகை, கோட்டு, கையில் வெற்றிலைத் தட்டு. பின்னால் ஒரு ஆள் வாழைக்குலையைத் தூக்கிக்கொண்டு வந்தான். "சாமி காரியம்னு கேள்விப்பட்டேன். தாராளமாப் போயிட்டு வாங்க தம்பி. இங்க எங்களுக்குள்ள என்ன, அண்ணன் தம்பி மாதிரி இருந்துக்குவோம். கினிகத்தேன வரைக்கும் லொறி சொல்லி வச்சிருக்கேன்" என்றார். அவரை நம்பாமல் முறைத்துக்கொண்டிருந்த எங்கள் ஆட்கள் லொறி என்றதும் இளகிப் போனார்கள். "என்ன இருந்தாலும் பெரிய மனுசன்" என்று என் வீட்டுக்காரர் என் காதில் சொன்னார். எதிரியே வண்டி பிடித்து அனுப்புகிறான் என்றால் யாருக்கு அவசரம் என்று யோசிக்க வேண்டாமா? வாழைப்பழம் அவர் வாயை அடைத்துவிட்டது.

"சாமி காரியம். போகட்டும்" என்றாள் அக்கா. ஆனால் அடுப்படிக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கள்லாம் போயிருவீங்க. இத்தின பேருக்கும் பொங்கிப் போட்ட வீடு எதுன்னு இந்த லயத்துல எல்லாருக்கும் தெரியும். வேலையும் குடியிருக்கிற இந்தக் காம்பராவும் போச்சுன்னா இந்தப் புள்ளைகள இழுத்துக்கிட்டு நான் எங்கடி போவேன்?"

நான் போகவில்லை. விசாரணை முடிகிற வரைக்கும் அக்காவோடு இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். காப்புக் கட்டுகிறவன் வீட்டில் விளக்கேற்ற ஆள் வேண்டாமா என்று அவர் குதித்தார். உங்கள் அம்மா ஏற்றுவார்கள் என்றேன். சேலை எங்கே இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். படை லொறியில் ஏறி, கம்பளிகளை உதறி விரித்து உட்கார்ந்துகொண்டது. பாட்டுக்காரர் போகும்போதே பாட ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் காலையில் பீலியைச் சுற்றிக் கங்காணியின் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முட்டாள்கள் அல்ல. வந்த எல்லோருக்கும் தண்ணீர் விட்டார்கள். யூனியன்காரர்களுக்கும் விட்டார்கள், சிரித்துப் பேசிக்கூட விட்டார்கள். அக்கா குடத்தை நீட்டியபோது மட்டும் ஒருவன் காலை நீட்டி உருட்டிவிட்டான். "ஒனக்குத்தான் றொசல்லயில பெரிய படை இருக்கே, அவங்களக் கொண்டாந்து ஊத்தச் சொல்லு" என்றான். சுற்றி நின்ற பெண்கள் தங்கள் குடங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்காவும் நானும் பள்ளத்தில் இறங்கி, கலங்கல் ஓடையில் மொண்டுகொண்டு வந்தோம். நான் வழி நெடுகத் திட்டினேன். அக்கா தண்ணீர் சிந்தாமல் நடப்பதிலேயே குறியாக இருந்தாள்.

விசாரணைக்கு லேபர் கந்தோர் ஐயா வந்தார். தோட்டத்து ஆபிஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் தோட்டத்தை நடத்துகிற துரை. யாருக்காவது தண்ணீர் மறுக்கப்படுகிறதா என்று கேட்டார். சாட்சி சொல்வதாக வீடு தேடி வந்து சத்தியம் செய்தவர்கள் ஒவ்வொருவராக முன்னால் போனார்கள். "தண்ணி வருதுங்க ஐயா." "எங்களுக்கு வருதுங்க ஐயா." அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவர்களுக்கு வரத்தான் செய்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர்கள் முகத்தைப் பார்த்ததும் திட்ட வாய் வரவில்லை. கம்போடு பக்கத்தில் நின்றவன் லொறி ஏறிவிட்டான். நாளைக்கும் அவர்கள் குடத்தோடு அதே பீலிக்குத்தான் போக வேண்டும்.

அக்காவும் அவள் புருசனும் மட்டும் உள்ளதைச் சொன்னார்கள். கங்காணி பணிவாக எழுந்து, இந்த வீட்டில்தான் வெளித்தோட்டத்து ரவுடிகளைக் கம்போடு கொண்டுவந்து தங்க வைத்திருந்தார்கள் என்றார். உண்மையா என்று துரை கேட்டார். அக்கா புருசன் பொய் சொல்லத் தெரியாத மனிதர். "எங்க சொந்தக்காரங்க வந்தாங்க தொர" என்றார். துரையின் உத்தரவில்லாமல் வெளி ஆட்களை லயத்தில் தங்க வைப்பது குற்றம். தண்ணீரைப் பற்றிய விசாரணை அத்தோடு முடிந்தது. அந்த வாரமே அவர்களுடைய வேலையும் போனது, காம்பராவும் போனது.

அக்கா பானை சட்டிகளைச் சாக்கில் கட்டினாள். அவள் புருசன் தலையில் ஒரு பெட்டி, கக்கத்தில் ஒரு சேவல். அந்தச் சேவல் வழி நெடுக அவர் காதைக் கொத்திக்கொண்டே வந்தது. சின்னப் பிள்ளை அதைப் பார்த்துச் சிரித்தது. பெரியது சிரிக்கவில்லை. பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்றவனிடம் நான் சிங்களத்தில் சண்டை போட்டு ஏற்றினேன். றொசல்லயில் இறங்கி மேலே ஏறும்போது வெயில் சாய்ந்திருந்தது. தூரத்திலேயே தப்புச் சத்தம் கேட்டது.

அந்த நாட்களில் ரதியும் மதனும் வீடு வீடாக ஆடி வருவார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எங்கள் லயத்து வாசலில்தான் ஆட்டம். சுற்றிலும் கூட்டம், சிரிப்பு, சீழ்க்கை. நடுவில் என் கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் அரிதாரமும் கையில் மஞ்சள் காப்புமாக என் வீட்டுக்காரர் இடுப்பை ஒடித்து ஆடிக்கொண்டிருந்தார். நன்றாகவே ஆடினார். ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பியவர் எங்களைப் பார்த்துவிட்டார். சாக்கைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. தப்பு நின்றது. மதனும் சிவனும் பாட்டுக்காரரும் அப்படியே நின்றார்கள். கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை.

"மதினி..." என்றார். கண் மை கரைந்து கன்னத்தில் இறங்கியது.

அக்கா சாக்கைக் கீழே வைத்தாள். "ஆடுங்க தம்பி. இதையும் பாதியில விட்டுறாதீங்க" என்றாள்.

அவள் குத்திக்காட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். எனக்கு என் அக்காவைத் தெரியும். காப்புக் கட்டிய ஆட்டம் நடுவில் நின்றால் எங்கள் வீட்டுக்கு ஆகாதே என்ற பயத்தில்தான் அவள் அதைச் சொன்னாள்.